சேணம் போல ஒரு காளான்: தொப்பியை விட்டுத் தண்டைப் பாருங்கள்

காளானைக் கண்டால் எல்லோருக்கும் கண் போவது தொப்பிக்குத்தான். என்ன நிறம், விரிந்திருக்கிறதா, மேலே புள்ளி இருக்கிறதா என்று அதையே சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். தண்டு என்று ஒன்று இருந்ததே பிடுங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும், அதிலும் பாதி மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றிருக்கும். புற்றுக்காளான் பறித்துப் பழகிய ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அடியில் விரலை விட்டு நெம்பி, கறையான் புற்றுக்குள் இறங்குகிற அந்த நீளமான வேர் போன்ற பாகம் கூடவே வருகிறதா என்று பார்த்துத்தான் கூடையில் போடுவார்கள். அதே புத்தியை வேறொரு காளானிடம் காட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் காளானுக்கு ஹெல்வெல்லா என்று பெயர். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடுமே, அங்கே போனவர்களுக்குச் சேணம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மடிந்து தொங்கும் மடல். அதைச் சுருக்கி மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவந்து ஒரு தண்டின் மேல் உட்கார வைத்தால் ஹெல்வெல்லாவின் தொப்பி ஆகிவிடும். நான் இங்கே சேணக் காளான் என்றே எழுதுகிறேன்.

இது குளிர் நாட்டுக் காடுகளில் வளர்வது. ஐரோப்பாவில், வட அமெரிக்காவில், நம் நாட்டில் இமயமலைப் பக்கத்தில், ஓக், பீச், பைன் போன்ற மரங்களின் அடியில் மண்ணிலிருந்து முளைக்கும். பல இனங்கள் மரத்தின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டு வாழ்பவை. அப்புறம் எதற்குக் கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்கலாம். இன்றைக்கு ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் தெருவுக்கு ஒரு பிள்ளை ஜெர்மனியில் படிக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு நடக்கப் போவது பெரிய வழக்கம், காளான் பறிப்பதும் வழக்கம். "மாமா, இதைத் திங்கலாமுங்களா?" என்று வாட்ஸ்அப்பில் மேலே இருந்து எடுத்த ஒரு தொப்பிப் படம் வரும். "தண்டைக் குறுக்கே வெட்டி ஒரு போட்டோ அனுப்பு கண்ணு, அதுவரைக்கும் அடுப்பைப் பத்த வைக்காதே" என்பதுதான் என் பதில். இன்னொரு காரணமும் உண்டு. ஒன்று போலவே இருக்கும் இரண்டு காளான்களை எப்படிப் பிரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வெள்ளைச் சேணக் காளானை எடுத்துக்கொள்வோம், ஹெல்வெல்லா கிரிஸ்பா. பெரும்பாலும் கோடை கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வரும். தொப்பி வெள்ளை அல்லது வெளிறிய கிரீம் நிறம், மெலிசாக, ஒழுங்கில்லாமல் மடிந்திருக்கும். சேணம் என்று சொன்னாலும் சிலது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரிதான் நிற்கும், அதனால் வடிவத்தை ரொம்ப நம்ப வேண்டாம். தண்டைத் தொட்டுப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக விரலில் தட்டும். மேலிருந்து கீழாக ஆழமான வரிப்பள்ளங்கள் ஓடும், அவற்றுக்கு நடுவே கூர்மையான முகடுகள் அங்கங்கே ஒன்று சேர்ந்து மறுபடி பிரியும். ஒரு பிளேடை எடுத்துத் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே ஒரே குழாய் இருக்காது, கோணல்மாணலாகப் பல அறைகள் தெரியும். அந்த வெட்டு முகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசியாகத் தொப்பியின் ஓரத்தைத் தூக்கி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸை வைத்து அடிப்பக்கம் பார்த்தால் மெல்லிய ரோமம் படர்ந்திருப்பது தெரியும்.

அடுத்தது கருப்பு, ஹெல்வெல்லா லாக்குனோசா. தொப்பி சாம்பலிலிருந்து கருப்பு வரை போகும், தண்டும் சாம்பல்தான். வரிப்பள்ளமும் உள் அறைகளும் இதற்கும் உண்டு. தொப்பியின் ஓரம் பல இடங்களில் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அடிப்பக்கத்தில் வெள்ளைக்கு இருக்கிற ரோமம் கிடையாது. நிறத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாமே என்றால், அங்கேதான் ஒரு வில்லங்கம். ஹைப்போமைசஸ் என்ற ஒரு பூஞ்சை கருப்புச் சேணத்தின் மேல் ஏறிப் படர்ந்து அதை வெளுக்க வைத்துவிடும். பார்க்கிறவர் வெள்ளை இனம் என்று எழுதிவைத்துக்கொள்வார். காளான் மேல் காளான். நிறத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு இது நன்றாக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது ஹெல்வெல்லா எலாஸ்டிகா. மெலிந்த, வழவழப்பான, வரியே இல்லாத வெளிர் தண்டு. அதன் மேல் பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் சின்னத் தொப்பி. மூன்றிலும் சுத்தமான சேண வடிவம் இதற்குத்தான். ஆனால் நான் இவ்வளவு நேரம் பேசிய வரித்தண்டு இதற்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சிக்கல் வருவதே இதனால்தான்.

இதற்கு முன்னால் இன்னொரு விஷயம். சந்தையில் வாங்கும் சிப்பிக் காளானையோ பால் காளானையோ திருப்பினால் அடியில் வரிசை வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கும், ஸ்போர் என்கிற வித்துகள் அங்கேதான் உண்டாகின்றன. சேணக் காளானின் அடியில் தகடும் இல்லை, துளையும் இல்லை. தொப்பியின் மேல்பரப்பு முழுக்க நுணுக்கமான பைகள் நெருக்கியடித்து நிற்கும், பை ஒன்றுக்கு எட்டு வித்துகள். உள்ளே அழுத்தம் ஏறி நுனி திறந்ததும் வித்துகள் தெறித்து வெளியே வரும். நன்றாக முற்றிய ஒன்றின் மேல் லேசாக ஊதினால் ஆயிரக்கணக்கான பைகள் ஒரே நேரத்தில் வெடித்து, மெல்லிய புகை எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்க முடியும்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை கிண்ண வடிவக் காளான்கள். சேணம் என்பது அந்தக் கிண்ணம் வெளிப்பக்கமாக மடிந்து கவிழ்ந்ததுதான். ஹெல்வெல்லாவிலேயே கவிழாமல் கிண்ணமாகவே நின்றுவிட்ட இனங்களும் உண்டு. ஹெல்வெல்லா அசெடாபுலம் அப்படி ஒன்று, தண்டின் முகடுகள் கிளை பிரிந்து கிண்ணத்தின் வெளிச்சுவர் வரைக்கும் ஏறிப் போயிருக்கும். தொப்பியை மட்டும் பார்க்கிறவர் இதைச் சேணக் காளானின் உறவு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். தண்டைப் பார்த்தவர் அங்கேயே பிடித்துவிடுவார்.

இப்போது உண்மையாகவே பயப்பட வேண்டிய ஆளுக்கு வருவோம், ஜைரோமிட்ரா. இந்தப் பேரினத்தில் நமக்குத் தேவையானவை இரண்டு. ஜைரோமிட்ரா எஸ்குலெண்டா வசந்த காலத்தில் பைன் மரங்களடியில், மணற்பாங்கான மண்ணில் முளைப்பது. செம்பழுப்புத் தொப்பி மூளை மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும், சேண வடிவமே இல்லாததால் குழப்பம் குறைவு. ஜைரோமிட்ரா இன்ஃபுலாதான் ஆளை ஏமாற்றும். அதன் தொப்பி அச்சு அசலாகச் சேணம், இரண்டு மூன்று கொம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். வரும் பருவமும் சேணக் காளான் வருகிற அதே கோடைக் கடைசியும் இலையுதிர் காலமும்தான். நிறம் வெளிர் பழுப்பிலிருந்து செம்பழுப்பு, கரும்பழுப்பு வரைக்கும் போகும். வெள்ளையோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு, எலாஸ்டிகாவோடும் கருப்பின் பழுப்பு ஓடிய முகத்தோடும் தாராளமாகக் குழப்பலாம்.

எப்படிப் பிரிப்பது? தண்டில் ஆழமான வரிப்பள்ளமும், வெட்டினால் பல அறைகளும் இருந்தால் இன்ஃபுலா இல்லை என்ற பக்கம் தராசு நன்றாகச் சாயும். தண்டு வழவழப்பாக இருந்தால் எலாஸ்டிகாவா இன்ஃபுலாவா என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. எலாஸ்டிகாவின் தண்டு மெலிது, மண்ணிலிருந்து வரும். இன்ஃபுலாவின் தண்டு பருமன், மேலே வெள்ளைப் பூச்சு மாதிரி மெல்லிய படலம் இருக்கும், மக்கிப்போன மரக்கட்டை மேலோ அதை ஒட்டியோ முளைப்பது அதிகம். "அதிகம்" என்றுதான் சொல்கிறேன், மண்ணிலும் வரும். மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிற கட்டையிலிருந்து வந்தாலும் பார்க்கிறவருக்கு மண்ணில் முளைத்தது போலத்தான் தெரியும். அதனால் அடியைக் கிளறிப் பார்க்காமல் மண்ணில்தான் முளைத்தது என்று அடித்துச் சொல்லக் கூடாது.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் மைக்ரோஸ்கோப்தான். தொப்பியிலிருந்து பிளேடால் முடிந்த வரைக்கும் மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, கண்ணாடித் தகட்டால் மூடி, 400 மடங்கில் பார்க்க வேண்டும். ஒரு வித்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான். ஹெல்வெல்லாவின் வித்துக்குள் நடுவில் பெரிதாக ஒரே ஒரு எண்ணெய்த் துளி பளிச்சென்று நிற்கும். இன்ஃபுலாவின் வித்தில் இரண்டு சின்னத் துளிகள், முனைக்கு ஒன்றாக. வெளித்தோற்றத்தை வைத்து அரை மணி நேரம் வாதாடுகிற இரண்டு பேரை இந்த எண்ணெய்த் துளி அரை நிமிடத்தில் வாயை மூட வைத்துவிடும். கல்லூரித் தாவரவியல் ஆய்வகம் எதிலும் இதற்குப் போதுமான மைக்ரோஸ்கோப் இருக்கும், பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஏன் இத்தனை எச்சரிக்கை? எஸ்குலெண்டாவில் ஜைரோமிட்ரின் என்ற நச்சு இருக்கிறது, இன்ஃபுலாவையும் அதே பட்டியலில்தான் வைக்க வேண்டும். அது உடம்புக்குள் போனதும் உடைந்து மோனோமெத்தில் ஹைட்ரசீன் ஆகிறது. இந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது கட்டத்தில் எரிகிற எரிபொருள் அதுதான். வயிற்றில் போக வேண்டிய சாமான் இல்லை. இது ஆவியாகும் ரகம், ஏறக்குறைய 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் கொதிக்க வைத்தால் நச்சில் பெரும்பகுதி நீராவியோடு போய்விடுகிறது, ஆனால் முழுவதும் போகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போகிற ஆவி சமைக்கிறவர் மூக்குக்குத்தான் வருகிறது, சன்னலைச் சாத்திய சமையலறையில் காளானை வாயில் வைக்காமலேயே சுகவீனப்படலாம். பின்லாந்தில் இதைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்க வைத்துத் தின்கிறார்கள், கடையில் எச்சரிக்கைக் குறிப்போடுதான் விற்கிறார்கள். அது அவர்கள் பரம்பரையாகச் செய்கிற விஷப்பரீட்சை, நாம் படித்துவிட்டுச் செய்து பார்க்கிற சமையல் குறிப்பு இல்லை. இதில் இன்னொரு கொடுமை, ஒன்றும் செய்யாத அளவுக்கும் ஆளைச் சாய்க்கிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. போன வருஷம் தின்றேன், நன்றாகத்தான் இருந்தேன் என்பது சாட்சியே ஆகாது.

அப்படியானால் உண்மையான சேணக் காளானைத் தின்னலாமா? என் பதில், வேண்டாம். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்பதில் சந்தேகமில்லை. வேக வைத்துத் தின்றவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், ருசி சுமார்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். சுமாரான ருசிக்காக இவ்வளவு மயிரிழைச் சோதனை செய்ய வேண்டிய ஒன்றைச் சட்டியில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறோமே, அந்தக் காளானில் முட்டைக்கோஸ்தான் பாதிக்கு மேல் என்று கோயம்புத்தூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும், அது எவ்வளவோ தேவலாம்.

பழைய புத்தகங்களைப் புரட்டினால் ஹெல்வெல்லாவையே கொடிய விஷம் என்று எழுதியிருப்பதும் கண்ணில் படும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எஸ்குலெண்டா, இன்ஃபுலா இரண்டுமே முதலில் ஹெல்வெல்லா என்ற பெயரில்தான் இருந்தன. எஸ்குலெண்டாவை 1849இல் ஸ்வீடன் நாட்டு ஃப்ரீஸ் பிரித்து ஜைரோமிட்ராவுக்கு மாற்றினார். ஆனாலும் பழைய பெயர் லேசில் போகவில்லை. 1885இல் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் அதன் நச்சைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி அதற்கு வைத்த பெயர் ஹெல்வெல்லிக் அமிலம். அது தப்பு, உண்மையான நச்சைப் பிரித்தெடுத்தது 1960களின் கடைசியில்தான். இந்த இடைப்பட்ட காலத்துப் புத்தகங்களில் யார் செய்த குற்றம் யார் தலையில் விழுந்தது என்று பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மோரல் என்கிற மோர்செல்லாவையும் சொல்லிவிடுகிறேன். இமயமலைப் பக்கம் குச்சி என்ற பெயரில் கொள்ளை விலைக்கு விற்பது அதுதான். தொப்பியில் குழி குழியாகக் கண்ணறைகள் இருக்கும், நெடுக்காகப் பிளந்தால் உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரே கூடு, தடுப்பே இல்லை. வெர்பா போஹெமிகா என்று இன்னொன்று, தொப்பி தண்டின் உச்சியில் மட்டும் ஒட்டியிருக்கும், ஓரம் முழுக்கத் தனியாகத் தொங்கும், தண்டுக்குள்ளே பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு நெடுக்கு வெட்டு போதும்.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் சேணம் மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் அது என்னவாக இருக்கும்? பத்துக்கு ஒன்பது, வெயிலில் காய்ந்து ஓரம் மடங்கிப்போன சாதாரணக் குடைக் காளானாகத்தான் இருக்கும். திருப்பிப் பாருங்கள், தகடுகள் இருந்தால் கதை முடிந்தது. செத்த மரக்கிளையில் தண்டே இல்லாமல், ரப்பர் மாதிரி வளைகிற பழுப்பு மடல் என்றால் அது மரக்காதுக் காளான், மழைக்காலத்தில் நிறையத் தெரியும். வால்பாறை போன்ற ஈரக் காடுகளில் விழுந்த குச்சிகள் மேல் ஆரஞ்சிலும் இளஞ்சிவப்பிலும் அழகான சின்னக் கிண்ணங்கள் நிற்கும், குக்கேனியா. அவையும் பைக்குள் வித்து வைக்கும் கூட்டம்தான், ஆனால் கவிழாத கிண்ணம். புலிகள் காப்பகங்களுக்குள்ளேயோ காப்புக் காட்டுக்குள்ளேயோ எதையும் பறித்து வரக் கூடாது, போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டிப் பார்ப்பதெல்லாம் சொந்தத் தோட்டத்தில் முளைத்ததை மட்டும்.

போட்டோ எடுத்துப் பெயர் சொல்லும் ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தைக் கொடுத்தால் அதுவும் தொப்பியைப் பார்த்துத்தான் பேசும், நம்மைப் போலவே. பக்கவாட்டில் ஒன்று, தொப்பியின் அடிப்பக்கம் ஒன்று, தண்டின் குறுக்கு வெட்டு ஒன்று, முளைத்த இடம் தெரிகிற மாதிரி ஒன்று என்று எடுத்துவிட்டால், ஆப்பைக் கேட்டாலும் சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்டாலும் சரி, பதில் உருப்படியாக வரும். அப்படி வந்தாலும் இனப் பெயர் வரைக்கும் அடித்துப் பேச முடியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பல காலமாகக் கருப்புச் சேணம் என்று ஒரே பெயரில் கூப்பிட்டு வந்ததை 2013இல் டி.என்.ஏ. பார்த்து, ஊசியிலை மரங்களோடு வாழ்வது வெஸ்பெர்டினா, ஓக்கோடு வாழ்வது டிரையோஃபிலா என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். எந்த மரத்தடி என்று குறித்து வைத்திருந்தவர்களின் பழைய படங்கள் மட்டும் அன்றைக்கு உபயோகப்பட்டிருக்கும்.

வெள்ளிக்காசு கருத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதையெல்லாம் தூக்கிப் போடுங்கள். பூச்சியின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

யாராவது தின்றேவிட்டார்கள் என்றால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜைரோமிட்ரா நச்சு பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலை காட்டும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி, அப்புறம் கல்லீரல் கெடுவதும் வலிப்பும் வரைக்கும் போகலாம். உடம்பில் வைட்டமின் பி6 செய்கிற வேலையை இது தடுப்பதால்தான் வலிப்பு வருகிறது, அந்த வைட்டமினையே ஊசியாக ஏற்றுவது சிகிச்சையில் ஒரு பகுதி. எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார், வீட்டில் மாத்திரை போட்டுச் சமாளிக்கிற விஷயம் இல்லை. எத்தனை மணிக்குத் தின்றார்கள், எத்தனை பேர், முதல் வாந்தி எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற காளானைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். நறுக்கும்போது குப்பைக்கூடைக்குப் போன அடித்தண்டையும் பொறுக்கி அதே பொட்டலத்தில் சேர்த்துவிடுங்கள்.